கடலடிப் படத்தின் கோட்டுக்குக் கீழே: பள்ளிப் புவியியல் பாடம் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிப் புவியியல் பாடங்களை எழுதுகிற, திருத்துகிற ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். கடலடி நிலத்தோற்றம் என்று ஒரு படத்தை நம் பிள்ளைகள் எல்லோரும் வரைகிறார்கள். இடது பக்கம் கரை, அதையொட்டி ஆழம் குறைந்த கண்டத்திட்டு, சட்டென்று இறங்கும் கண்டச்சரிவு, அடியில் கண்ட உயர்ச்சி, அப்புறம் ஆழ்கடல் சமவெளி, ஒரு மூலையில் அகழி. பென்சிலால் ஒரே கோடு, மேலே நீல வண்ணம், பாகங்களின் பெயர்கள், மதிப்பெண். அந்தக் கோட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது, அது ஏன் அப்படி வளைந்து இறங்குகிறது, என்றைக்கும் அப்படியேதான் இருந்ததா என்ற பேச்சே வருவதில்லை. கோட்டுக்குக் கீழே இருப்பதையும் பாடத்தில் சேருங்கள், அதையும் எங்கோ இருக்கிற அட்லாண்டிக்கை வைத்துச் சொல்லாமல் நம் வங்காள விரிகுடாவை வைத்தே சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் பேராசிரியர் இல்லை. நிலவியல் படித்துவிட்டுக் கடலில் துரப்பண மேடைகளில், துளையிடும்போது மேலே வருகிற பாறைத் துணுக்குகளைப் பரிசோதிக்கிற மட் லாகராகப் பல வருடம் வேலை பார்த்தவன். இப்போது சென்னை காசிமேட்டுப் பக்கம் மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் விசைப்படகுக் குடும்பத்துப் பிள்ளைகள். எந்த இடத்தில் எத்தனை பாகம் (மீனவர்கள் ஆழத்தை அளக்கும் அளவு) ஆழம், எங்கே பார் (கடலடிப் பாறை), எங்கே சேறு, சேற்றுத் தரையில் என்ன மீன் கிடைக்கும் என்பதெல்லாம் அவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு மனப்பாடம். வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே கொட்டியிருக்கிற கருங்கல் சுவரையும் அந்தப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகம் கட்டத் தொடங்கிய பிறகு, தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகர்ந்து வந்துகொண்டிருந்த மணல் அங்கேயே தடைபட்டது. ஒரு பக்கம் மெரினா அகலமாகிக்கொண்டே போனது, இன்னொரு பக்கம் ராயபுரத்திலிருந்து வடக்கே கரை அரித்துக்கொண்டே போனது. மணல் வந்தால் கரை வளரும், வராவிட்டால் தேயும் என்பதை இந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இதே கணக்கை ஆயிரம் கிலோமீட்டர்களுக்கும் கோடி ஆண்டுகளுக்கும் நீட்டினால் ஒரு கண்டத்தின் விளிம்பு எப்படி உருவாகிறது என்ற பாடம் வந்துவிடும். அந்த நீட்டலைத்தான் பாடம் செய்யாமல் விட்டுவிடுகிறது, அதுதான் என் வருத்தம்.

சென்னையிலிருந்து கிழக்கே போனால் கண்டத்திட்டு சீக்கிரமே முடிந்துவிடும். மும்பைக்கு வெளியே அது 300 கிலோமீட்டர் வரை நீள்கிறது, நமக்கோ அதில் ஒரு சிறு பங்குதான். அதைத் தாண்டினால் தரை மூவாயிரம் மீட்டருக்கு மேல் இறங்கிவிடுகிறது. அங்கே கிடப்பது உலகத்திலேயே பெரிய சேற்றுக் குவியல், வங்காள விசிறி என்று பெயர். வடக்கே வங்கதேசக் கரைக்கு வெளியே தொடங்கி, இலங்கையைத் தாண்டி, பூமத்திய ரேகையையும் தாண்டி, ஏறக்குறைய 3000 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. அகலம் அதிகபட்சம் 1400 கிலோமீட்டர். இந்த விசிறிக்கு முந்தைய படிவுகளையும் சேர்த்தால், வடக்கில் மிகத் தடிமனான இடத்தில் 16 கிலோமீட்டருக்கு மேல் வரும் என்று நில அதிர்வு ஆய்வுகள் காட்டுகின்றன. எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 9 கிலோமீட்டருக்குள்தான். அந்த எவரெஸ்ட் நிற்கிற மலைத்தொடர் தேய்ந்து வந்த மண்தான் இது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா ஆசியாவோடு மோதத் தொடங்கியது, மலை எழ எழ மழையும் பனியாறும் அதை அரித்தன, கங்கையும் பிரம்மபுத்திராவும் அதைச் சுமந்து வந்து கொட்டின. இன்றைக்கும் இந்த இரண்டு ஆறுகளும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 100 கோடி டன் வண்டலைக் கொண்டு வருகின்றன.

அதாவது நம் கண்டச்சரிவின் காலடியில் கிடப்பது இமயமலை. காவிரிப் படுகை, பாலாற்று மணல் எல்லாம் அதனோடு ஒப்பிட்டால் ஓரத்துச் சேர்க்கைதான். 2015-இல் ஜாய்டிஸ் ரெசல்யூஷன் என்ற துரப்பணக் கப்பல் வட அட்சம் 8 பாகையில், இலங்கைக்குக் கிழக்கே, ஏழு இடங்களில் இந்த விசிறியைத் துளைத்து மண் எடுத்தது. வந்த மணலில் இமயத்திலிருந்து வந்த மைக்காத் தகடுகள் நிறைய இருந்தன. இந்த ஒரு தகவலைப் பாடத்தில் போட்டால் போதும், ஒரு பிள்ளை இந்தியாவின் வரைபடத்தைப் பார்க்கிற விதமே மாறிவிடும்.

கரையில் கொட்டிய மண் அவ்வளவு தூரம் ஆழ்கடலுக்கு எப்படிப் போகிறது என்பது அடுத்த கேள்வி. வங்கதேசத்துக்கு வெளியே கண்டத்திட்டை வெட்டிக்கொண்டு ஒரு பெரிய கடலடிப் பள்ளத்தாக்கு இருக்கிறது. அதன் தலைப்பகுதியில் சேறு சேர்ந்துகொண்டே வரும். ஒரு புயலோ நிலநடுக்கமோ அதிகப்படியான பாரமோ அதைச் சரித்துவிட்டால், தண்ணீரும் சேறும் கலந்த கனமான கலங்கல் நீரோட்டம் ஒன்று தரையோடு தரையாகக் கீழே பாயும். சுற்றியுள்ள தெளிந்த நீரைவிட அது கனம் என்பதால் கலையாமல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். போகிற வழியில் தனக்கென்று ஆறு மாதிரியே வாய்க்கால் வெட்டி, இரண்டு பக்கமும் கரை கட்டிக்கொள்ளும். வாய்க்கால் தூர்ந்ததும் உடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பும். அப்படித் திரும்பித் திரும்பித்தான் விசிறி அகலமாகியிருக்கிறது. நம் பக்கத்திலேயே, புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நேர் எதிரே, சரிவை வெட்டியிருக்கிற இப்படிப்பட்ட பள்ளத்தாக்குகள் இருக்கின்றன, அளவில் சின்னவை.

இதை ஆரம்பத்தில் யாரும் எளிதில் நம்பவில்லை. நிரூபித்தது தந்திக் கம்பி. 1929 நவம்பர் 18-ஆம் தேதி கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே கிராண்ட் பேங்ஸ் பகுதியில் 7.2 அளவு நிலநடுக்கம் வந்தது. அருகிலிருந்த கடலடித் தந்திக் கம்பிகள் உடனே அறுந்தன. வியப்பு என்னவென்றால் அதற்குப் பிறகும் 13 மணி நேரம், ஆழமான பக்கமாக, தூரத்திலிருந்த கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்துகொண்டே போயின. 1952-இல் புரூஸ் ஹீசனும் மாரிஸ் யூவிங்கும் அந்த நேரங்களைத் தூரத்தோடு வைத்துக் கணக்குப் போட்டு, நிலநடுக்கத்தில் சரிந்த சேறு கலங்கல் நீரோட்டமாகப் பாய்ந்திருக்கிறது, செங்குத்தான இடத்தில் மணிக்கு 60, 70 கிலோமீட்டருக்கும் மேல் ஓடியிருக்கிறது என்று காட்டினார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய வகுத்தல் கணக்கு அது! நேரம், தூரம், வேகம். இந்த ஒன்றைப் பயிற்சிக் கேள்வியாக வைத்துப் பாருங்கள், வகுப்பில் என்ன நடக்கிறது என்று. சென்னைப் பிள்ளைக்கு இன்னொரு காரணமும் உண்டு: சிங்கப்பூருக்குப் போகிற இணையக் கேபிள்கள் நம் கரையில்தான் ஏறுகின்றன, அவை கடந்துபோவது இந்த விசிறியின் மேல்தான்.

இப்போது என் பழைய வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாடத்தில் இல்லாத முக்கியமான பாத்திரம் ஒன்றை நான் அங்கேதான் பார்த்தேன். துரப்பண மேடையில் ஷேல் ஷேக்கர் என்று அதிரும் சல்லடை ஒன்று இருக்கும். கிணற்றிலிருந்து மேலே வருகிற திரவத்தில் மிதந்து வருகிற பாறைத் துணுக்குகளை அது பிரித்துப் போடும். ஐந்து மீட்டருக்கு ஒரு முறை அதில் கொஞ்சம் அள்ளி, சின்னச் சல்லடையில் போட்டுக் குழாய்த் தண்ணீரில் அலசி, தட்டில் பரப்பி நுண்ணோக்கியில் பார்ப்போம், பிறகு ஆழம் எழுதிப் பையில் கட்டுவோம். மேலடுக்கில் வருவது சாம்பல் நிறக் களிமண், பிசின் மாதிரி விரலில் ஒட்டும், சல்லடையையே அடைத்துவிடும், அதைக் கம்போ என்று திட்டிக்கொண்டே கழுவுவார்கள். இன்னும் கீழே போகப் போக அதே களிமண் கெட்டியாகி, விரலில் அழுத்தினால் தட்டைத் தட்டையாக உடைகிற துணுக்காக வரும். அலசிய மிச்சத்தில் மணல் பருக்கையை விடச் சின்னதாக, சுருள் சுருளாக, துளைத்துளையாக ஃபோராமினிஃபெரா ஓடுகள் கிடக்கும். மேலே வாழ்ந்த ஒற்றைச் செல் உயிரிகள் அவை, செத்து விழுந்தவை. எந்த ஓடு கிடைக்கிறது என்பதை வைத்து அந்த அடுக்கின் வயதைச் சொல்வார்கள்.

மேல் பைக்கும் கீழ்ப் பைக்கும் என்ன வேறுபாடு? பெரும்பாலும் தண்ணீர்தான். புதிதாகப் படிந்த சேற்றில் பாதிக்கு மேல் தண்ணீர். மேலே பாரம் ஏற ஏற அது பிழிந்து வெளியேறுகிறது. ஆனால் சேறு அவசரமாகப் புதைந்தால், அல்லது மேலே தண்ணீர் புகாத களிமண் மூடிவிட்டால், தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். மேலிருக்கிற பாரத்தில் ஒரு பங்கை அந்தத் தண்ணீரே தாங்கத் தொடங்கும். அப்போது அந்த அடுக்குக்குப் பிடிமானம் இருக்காது. எங்கள் வேலையின் பாதி இந்த அழுத்தத்தைக் கவனிப்பதுதான், கவனிக்காவிட்டால் கிணறு வெடிக்கும். கண்ட விளிம்பின் வரலாற்றிலும் பாதி இந்தத் தண்ணீர்தான் என்று நான் சொல்வேன். சரிவு எங்கே நிற்கும், எங்கே சரியும் என்பதை அது தீர்மானிக்கிறது. சுமார் 8150 ஆண்டுகளுக்கு முன் நார்வேக்கு வெளியே ஸ்டோரெகா என்ற இடத்தில் கண்ட விளிம்பிலிருந்து 3000 கன கிலோமீட்டர் அளவுக்கு மண் சரிந்து போனது. பனியுகத்தில் பனியாறுகள் வேகமாகக் கொண்டுவந்து கொட்டிய படிவு கீழிருந்த மென்மையான அடுக்கைத் தண்ணீரோடு சேர்த்து அழுத்தி வைத்திருந்தது, அடுக்கு பலவீனமாகி வழுக்கிவிட்டது. அதனால் எழுந்த ஆழிப்பேரலை கொண்டுவந்த மணல் ஸ்காட்லாந்துக் கரையில் இன்றும் அடுக்காக இருக்கிறது.

சரி, நம் விளிம்பு எப்படிப் பிறந்தது? பரங்கிமலையும் பல்லாவரமும் நிற்கிற சார்னோகைட் பாறைக்கு வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள். அது கண்டம். அதன் கிழக்கே ஒரு காலத்தில் கடல் கிடையாது, அண்டார்டிகா ஒட்டிக்கொண்டிருந்தது. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இரண்டும் விலகத் தொடங்கின. மேலோடு இழுபட்டு மெலிந்து, நீளநீளமாகப் பள்ளங்கள் விழுந்தன. பள்ளம் விழுந்ததும் படிவு வந்து சேரத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அந்தக் காலத்துக் களிப்பாறைகளில் இலைப் புதைபடிவங்கள் கிடைக்கின்றன, சில அடுக்குகளில் கடலுயிரிகளும் சேர்ந்தே கிடைக்கின்றன. கார்த் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிற சாலையோரத்தில், வங்காள விரிகுடா என்ற கடலின் முதல் பக்கங்கள். தெற்கே காவிரிப் படுகையில் இந்தப் பள்ளங்கள் பெரிது. சில இடங்களில் 5 கிலோமீட்டருக்கு மேல் படிவு நிரம்பியிருக்கிறது, நரிமணம் எண்ணெய் வயல் இருப்பது அங்கேதான். அரியலூரில் சிமென்ட்டுக்காக வெட்டுகிற சுண்ணாம்புக்கல் அந்தக் கடலின் தரை. இன்றைய கரையிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர் உள்ளே அம்மோனைட் என்ற பழங்காலக் கடலுயிரியின் புதைபடிவம் கிடைக்கிறது என்றால், விளிம்பு எங்கே இருந்தது, எங்கே நகர்ந்திருக்கிறது என்று பிள்ளைகளே கேட்பார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை அவசியம் விளக்க வேண்டும். ஒரு கிலோமீட்டர் ஆழப் பள்ளத்தில் ஒரு கிலோமீட்டர் மண் போட்டால் நிரம்பிவிடும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். நிரம்பாது. மேலோடு அடியிலுள்ள கனமான மூடகத்தின் மேல் மிதப்பது போல இருக்கிறது. தண்ணீர் இருந்த இடத்தில் அதைவிடக் கனமான மண் வந்ததும் பாரத்தில் மேலோடு அழுந்துகிறது. அழுந்தியதும் இன்னும் இடம் கிடைக்கிறது, இன்னும் மண் வருகிறது. கடைசியில் முதலில் இருந்த பள்ளத்தைவிட இரண்டு மூன்று மடங்கு தடிமனில் படிவு சேர்ந்துவிடும். பாரம் பக்கத்து மேலோட்டையும் வளைத்து இழுக்கும். கண்டம் தன் விளிம்பில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதில் பெரும் பங்கு இந்த மண்ணின் பாரத்துக்கு உண்டு. படத்தில் மாணவர் பென்சிலால் இழுக்கிற அந்த வளைவு, இழுத்து மெலிந்த மேலோடும் அதன்மேல் ஏறிய பாரமும் சேர்ந்து வரைந்த வளைவு.

விரிகுடாவின் கிழக்குப் பக்கம் கதை வேறு. அங்கே நம் புவித்தட்டு அந்தமான், சுமத்ராவுக்கு அடியில் அமிழ்ந்துகொண்டிருக்கிறது. தட்டு கீழே போகும்போது அதன் முதுகில் இருக்கிற சேறு முழுவதும் கூடவே போவதில்லை. மழைவெள்ளம் வடிந்த வீட்டில் சேற்றை வெளியே தள்ளும்போது துடைப்பத்துக்கு முன்னால் அது மடிந்து குவியும், சென்னைக்காரர்களுக்கு இது தெரியும்; அதைப் போல மேல்தட்டின் விளிம்பில் படிவு வழிக்கப்பட்டு, மடிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும். அந்தமான் தீவுகளின் பெரும்பகுதி இப்படி நிமிர்ந்து எழுந்த ஆழ்கடல் படிவும் கடலடி மேலோட்டின் துண்டுகளும்தான். நம் துறைமுகத்தில் கப்பலேறி மூன்று நாள் பயணம் செய்து அந்தமானில் இறங்குகிறவர்கள், ஒரு காலத்தில் ஆழ்கடலின் அடியில் கிடந்த மணற்பாறை மேல்தான் கால் வைக்கிறார்கள். அங்கே பாராடாங் தீவில் சேற்று எரிமலை பார்க்கக் கூட்டிப்போவார்கள். குளிர்ந்த சேறு குமிழியிட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் குமிழியைத் தள்ளுவது மேலே நான் சொன்ன அதே அழுத்தம்: ஆழத்தில் மாட்டிக்கொண்ட தண்ணீரும் வாயுவும் சேற்றைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகின்றன.

இனி நான் எழுத வந்ததில் கனமான பகுதி. 2004 டிசம்பர் 26 காலை, நம் நேரப்படி 6.29 மணிக்கு சுமத்ராவுக்கு மேற்கே 9.1 அளவு நிலநடுக்கம். சுமார் 1300 கிலோமீட்டர் நீளத்துக்குத் தட்டு எல்லை கிழிந்தது. தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 8000 பேரை இழந்தோம். காசிமேட்டிலும் பட்டினப்பாக்கத்திலும் அந்தக் காலையைப் பற்றி இன்னும் குரல் தாழ்த்தித்தான் பேசுகிறார்கள். நான் பாடம் எடுக்கிற பிள்ளைகள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். ஆனால் அவர்கள் வீட்டுச் சுவர்களில் அந்த வருடத்து மாலை போட்ட படங்கள் இருக்கின்றன. ஏன் அவ்வளவு பெரிய அலை வந்தது என்று அவர்கள் கேட்டால், தட்டுகள் மோதின என்ற ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஏனென்றால் இன்னும் சொல்ல இருக்கிறது. அமிழ்தல் மண்டலத்தில் மேற்பகுதி, அதாவது அகழிக்கு அருகில் இருக்கிற பகுதி, மென்மையான ஈரச் சேறு என்பதால் அங்கே பெரிய அளவில் கிழியாது, அங்கே வந்ததும் கிழிசல் ஓய்ந்துவிடும் என்று பலர் எதிர்பார்த்திருந்தார்கள். 2004-இல் கிழிசல் அகழிக்கு மிக அருகிலும் போயிருந்தது. அங்கே கடற்தரை பெரிய அளவில் அசைந்ததால்தான் அவ்வளவு தண்ணீர் எழுந்தது. 2016-இல் அதே ஜாய்டிஸ் ரெசல்யூஷன் சுமத்ராவுக்கு வெளியே, அகழிக்கு இன்னும் போய்ச் சேராத தட்டின் மேல், கடற்தரைக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் துளைத்தது. அங்கே இருப்பது நிக்கோபார் விசிறி, வங்காள விசிறியின் கிழக்குக் கை. அதன் மண்ணும் பெரும்பாலும் இமயமலைப் பக்கத்து மண். ஏறக்குறைய 95 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கே மண் வரத்து மிகவும் அதிகரித்து, குறுகிய காலத்தில் கிலோமீட்டர் கணக்கில் குவிந்துவிட்டது. அத்தனை தடிமன் மேலே ஏறியதும் அடியிலிருந்த பழைய படிவு சூடாகி, கனிமங்களுக்குள் பிணைந்திருந்த தண்ணீர் அகழிக்குப் போவதற்கு முன்பே வெளியேறத் தொடங்கியிருக்கிறது. அடுக்கின் துளைநீரில் உப்பு குறைந்திருந்ததை வைத்து அதைக் கண்டுபிடித்தார்கள். தண்ணீரை முன்கூட்டியே இழந்த படிவு கெட்டியாகத்தான் அமிழ்தல் மண்டலத்துக்குள் நுழைகிறது. மென்மையாக இருக்க வேண்டிய மேற்பகுதி உறுதியாக இருந்ததால் அங்கேயும் ஆற்றல் சேர்ந்து, அங்கேயும் கிழிந்தது. 2017-இல் இந்த விளக்கம் வெளியானது.

இமயத்தில் பெய்த மழை, கோடி ஆண்டு வண்டல், நம் கரைக்கு வந்த அலை, மூன்றையும் ஒரே சங்கிலியாகப் பார்க்க முடிகிறது. இதைத் தமிழில் ஒரு பத்தியாக எழுதிக் கொடுக்க முடியாதா?

எழுதும்போது கவனமாக எழுத வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். சேறுதான் சுனாமியை உண்டாக்கியது என்று எழுதிவிடக் கூடாது, தட்டுகள் நகராவிட்டால் எதுவும் இல்லை. தடிமனான படிவு இருந்தால்தான் பெரிய நிலநடுக்கம் வரும் என்றும் சொல்லக் கூடாது. 2011-இல் பெரிய நிலநடுக்கம் வந்த ஜப்பானின் தோஹோகுவில் படிவு மெல்லியதுதான். 2012-இல் சிக்யூ என்ற துரப்பணக் கப்பல் அந்தப் பிளவையே துளைத்துப் பார்த்தபோது ஐந்து மீட்டருக்கும் குறைவான ஒரு களிமண் படலம்தான் வழுக்கும் தளமாக இருந்திருக்கிறது என்று தெரிந்தது. கரையிலிருந்து வெகுதூரத்தில், ஆயிரம் ஆண்டுக்கு மில்லிமீட்டர் கணக்கில் படிந்த ஆழ்கடல் களிமண் அது. படிவே வந்து சேராத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு வட சிலி இருக்கிறது. அட்டகாமா பாலைவனத்தில் மழை இல்லை, ஆறு இல்லை, அகழி ஏறக்குறைய வெறுமையாகக் கிடக்கிறது. அங்கே அமிழ்கிற தட்டு கண்டத்தின் விளிம்பையே அரித்து எடுத்துக்கொண்டு போகிறது. மண் வந்தால் விளிம்பு வளர்கிறது, வராவிட்டால் தேய்கிறது. மெரினாவும் ராயபுரமும் சொன்ன அதே கணக்கு, அளவுதான் வேறு.

சட்டத்திலும் இந்தச் சேற்றுக்கு இடம் உண்டு, இதைக் குடிமையியல் எழுதுகிறவர்களுக்கும் சொல்லுங்கள். 1982-ஆம் ஆண்டு கடற்சட்ட உடன்படிக்கையின் 76-ஆவது பிரிவுப்படி, 200 கடல் மைலுக்கு அப்பாலும் ஒரு நாடு கடலடிக்கு உரிமை கோரலாம். எதுவரை என்பதைத் தீர்மானிக்கிற வழிகளில் ஒன்று படிவின் தடிமன்: சரிவின் அடிவாரத்திலிருந்து உள்ள தூரத்தில் குறைந்தது நூற்றில் ஒரு பங்கு தடிமன் இருக்க வேண்டும். வங்காள விரிகுடாவின் தெற்குப் பகுதியில் படிவில் பெரும்பகுதி கண்ட உயர்ச்சிக்குக் கீழே கிடப்பதால் அந்தப் பொது விதி இங்கே சரிவராது என்று, இந்தப் பகுதிக்கென்றே தனியாக ஒரு புரிந்துணர்வும் அந்த உடன்படிக்கையை உருவாக்கிய மாநாட்டில் ஏற்கப்பட்டது. 2009 மே மாதம் இலங்கையும் இந்தியாவும் மூன்று நாள் இடைவெளியில் தங்கள் கோரிக்கைகளைத் தாக்கல் செய்தன.

பாடம் ஏற்கனவே கனமாக இருக்கிறது, இன்னும் எதைச் சேர்ப்பது என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம்தான். நான் கேட்பது இரண்டு பக்கம். கண்டத்திட்டின் சராசரிச் சரிவு இத்தனை பாகை, உலகத்தின் ஆழமான அகழிகளின் பட்டியல் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்து மறந்துபோகிறவற்றைக் குறைத்தால் அந்த இரண்டு பக்கம் தாராளமாகக் கிடைக்கும். அந்த இடத்தில் சென்னையிலிருந்து அந்தமான் வரைக்கும் ஒரு குறுக்குவெட்டுப் படம் போடுங்கள். மேற்கே பல்லாவரத்துப் பாறை, அதன் கிழக்கே மெலிந்து இறங்கும் மேலோடு, மேலே அடுக்கடுக்காகப் படிவு, நடுவில் புதைந்து கிடக்கிற 85 பாகைக் கிழக்கு முகடு என்ற கடலடி மலைத்தொடர், அப்பால் 90 பாகைக் கிழக்கு முகடு, கடைசியில் மடிந்து எழுந்த அந்தமான். நீல வண்ணத்துக்குப் போகிற பென்சில் கொஞ்சம் பழுப்புக்கும் போகட்டும். கேள்வித்தாளில் பாகங்களைக் குறி என்பதோடு நிறுத்தாமல், இந்த அடுக்கு எங்கிருந்து வந்தது என்று ஒரு கேள்வி வையுங்கள்.

அப்புறம் இன்னொரு வேண்டுகோள், இது படம் வரைகிறவர்களுக்கு. அகழியையும் சமவெளியையும் வெறும் கோடாகக் காட்டாமல் படிவின் தடிமனை உண்மையான விகிதத்தில் ஒரு முறையாவது காட்டுங்கள். செங்குத்து அளவை மிகைப்படுத்தியிருந்தால் எத்தனை மடங்கு என்று ஓரத்தில் எழுதுங்கள். சரிவு என்றதும் பிள்ளைகள் மலைச்சுவரைக் கற்பனை செய்கிறார்கள். உண்மையில் பெரும்பாலான இடங்களில் அது சில பாகைகள்தான், அதன்மேல் நடந்தால் சரிவில் இறங்குகிறோம் என்றே பலருக்குத் தெரியாது. அப்படிப்பட்ட மெல்லிய சரிவிலும் சேறு ஓடுகிறது என்பதுதான் அவர்களுக்குப் புரிய வேண்டியது.

பள்ளிக்கரணையில் ஆறாயிரம் மீட்டர் ஆழத்துக்கு மூன்று பேரை இறக்க மத்ஸ்யா 6000 என்ற நீர்மூழ்கியைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதில் போகப்போகிறவர்களும், அவர்கள் கொண்டுவரும் மண்ணைப் பார்த்துப் படிக்கப்போகிறவர்களும் இன்றைக்கு எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் இருக்கிற பிள்ளைகளில் இருந்துதான் வரவேண்டும். காசிமேட்டிலிருந்தும் வரவேண்டும் என்று எனக்கு ஆசை.

பாடத்திருத்தம் நடக்கும்போது இந்தப் பகுதியை எழுத ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். குறுக்குவெட்டுப் படத்துக்கு என்னிடம் வரைவு இருக்கிறது, ஃபோராமினிஃபெரா ஓடுகளின் ஸ்லைடுகளும் கொஞ்சம் இருக்கின்றன, வகுப்புக்கு எடுத்து வரலாம். ஊதியம் வேண்டாம். உங்கள் குழுவில் நிலவியல் படித்தவர் ஒருவர் என் வரைவைப் பார்த்துத் தவறு இருந்தால் திருத்திக் கொடுத்தால் போதும்.

அன்புடன்,
காசிமேட்டில் மாலை வகுப்பு எடுக்கும் ஒரு முன்னாள் மட் லாகர்
சென்னை